கட்டளை எங்கே நிற்கிறது?
வாசகர் கேள்வி – பதில்: மூளையிலிருந்து தசைவரை

கை கால் இயக்கம் பற்றிப் பழைய வட ஆற்காடு வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். நரம்பியல் மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: எங்க நைனாவுக்கு வயது 63. ராத்திரி நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தவர், காலையில் எழுந்தபோது இடது பக்கம் முகம், கை, கால் மூன்றும் விழுந்துவிட்டன. ஸ்கேனில் பார்த்தால் வலது பக்க மூளையில் கடலை அளவு புள்ளிதான் இருக்கிறதாம். எதிர்வீட்டுப் பெரியவருக்கு ஸ்கேனில் பெரிய பாதிப்பு, ஆனால் அவர் நடக்கிறார். இது எப்படி?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: பாதிப்பு எவ்வளவு பெரிது என்பதைவிட எந்த இடத்தில் என்பதுதான் முக்கியம். இயக்கக் கட்டளைகள் பெருமூளையின் மேலடுக்கான புறணியில் பரந்த பரப்பிலிருந்து கிளம்புகின்றன. காலுக்குரிய இடம் இரண்டு அரைக்கோளங்களும் சந்திக்கும் உள்மடிப்பில் இருக்கிறது. கைக்கும் முகத்துக்கும் உரிய இடங்கள் வெளிப்புறத்தில். இந்த இழைகள் எல்லாம் விசிறிபோல் விரிந்து தொடங்கி, கீழே இறங்க இறங்கக் குவிந்து, ‘இன்டர்னல் கேப்ஸ்யூல்’ என்ற குறுகிய இடுக்கின் பின்பகுதி வழியாகப் போகின்றன. அந்த இடத்தில் முகம், கை, கால் மூன்றுக்குமான இழைகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அங்கே 15 மில்லிமீட்டருக்கும் குறைவான அடைப்பு ஒன்று போதும், ஒரு பக்கமே விழுந்துவிடும். புறணியின் வேறு பகுதியில் அதைவிடப் பல மடங்கு பெரிய பாதிப்பு வந்தாலும் பேச்சோ பார்வையோ கெடலாம், கால் தப்பிவிடும். எதிர்வீட்டுப் பெரியவர் நடப்பது அதனால்தான்.

அந்த இடுக்குக்கு ரத்தம் தருபவை பெரிய தமனியிலிருந்து செங்குத்தாகப் பிரியும் மெல்லிய கிளைகள். பல வருடம் கட்டுப்படாத ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் முதலில் கெடுப்பது இவற்றைத்தான். வலது மூளை பழுதானால் இடது பக்கம் விழுவதற்குக் காரணம், மூளைத் தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் அடியில் 75 முதல் 90 சதவீத இழைகள் எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டுவது. 1709-இல் மிஸ்டிகெல்லி, 1710-இல் பூர்ஃபூர் து பெத்தி என்ற இரு மருத்துவர்களும் இந்தக் குறுக்குப் பாய்ச்சலை எழுதி வைத்தார்கள்.

உங்கள் வீட்டில் இன்னொருவருக்கு இப்படி நேர்ந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நபரைக் கடைசியாக நன்றாகப் பார்த்த நேரம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குரிய வழக்கமான அவகாசம் நாலரை மணி நேரம், அது அந்த நேரத்திலிருந்துதான் எண்ணப்படும். தூக்கத்தில் வந்த பக்கவாதம் என்றால் படுக்கப்போன நேரத்தைச் சொல்லுங்கள், எம்.ஆர்.ஐ. பார்த்து அவகாசத்தை நீட்டிக்கலாமா என்று மருத்துவமனை முடிவு செய்யும். தண்ணீர், காபி எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், விழுங்கும் தசையும் விழுந்திருந்தால் அது நுரையீரலுக்குப் போகும். ரத்தக்கொதிப்பு மாத்திரையை நாக்கடியில் வைத்து அழுத்தத்தைத் திடீரென இறக்காதீர்கள். ஸ்கேன் பார்க்காமல் ஆஸ்பிரினும் தரக்கூடாது. வந்தது அடைப்பா, கசிவா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. புறா ரத்தம் தடவப் போனால் கெடுவது அந்த நாலரை மணி நேரம்தான்.

கேள்வி: எங்க அண்ணிக்கு ஆறு மாதம் முன் பக்கவாதம் வந்தது, வலது கை. இப்போது குடம் தூக்குகிறார், கதவு சாத்துகிறார். ‘பவர் 4 வந்துவிட்டது, நல்ல முன்னேற்றம்’ என்கிறார்கள். ஆனால் பீடி சுற்ற முடியவில்லை, இலை விரலில் நிற்கவே மாட்டேன் என்கிறது. பலம் வந்த பிறகும் வேலை ஏன் வரவில்லை?
– வாசகி, குடியாத்தம்

பதில்: அண்ணி சோம்பலால் சுற்றாமல் இருக்கிறார் என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். பலம் ஒரு பாதையில் வருகிறது, விரல் நுணுக்கம் இன்னொன்றில்.

நுணுக்கத்துக்கான பாதை கார்ட்டிகோஸ்பைனல் பாதை, அதாவது பிரமிடு பாதை. முகுளத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 லட்சம் இழைகள். இயக்கப் புறணியில் உள்ள ‘பெட்ஸ்’ என்ற பெரிய நரம்புச் செல்களின் தடித்த இழைகள்தான் இந்தப் பாதை என்று பலர் நினைக்கிறார்கள். அவை சுமார் 3 சதவீதமே. மற்றவை இயக்கப் புறணியின் சிறிய செல்களிலிருந்தும், முன்–இயக்கப் புறணியிலிருந்தும், தொடு உணர்வைப் பெறும் பகுதியிலிருந்தும் வருகின்றன. அதனால்தான் தொடு உணர்வு மங்கிய கைக்குப் பலம் இருந்தும் பொருள் நழுவுகிறது. இந்தப் பாதையில் ஒரு பங்கு இழைகள் இடையில் எந்தச் செல்லிலும் நிற்காமல் விரல் தசைகளின் நரம்புச் செல்களையே நேராகத் தொடுகின்றன. மற்ற விரல்களை அசைக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் மடக்க முடிவது இவற்றால்தான்.

மூளைத் தண்டிலிருந்து இறங்கும் ரெட்டிகுலோஸ்பைனல் பாதை வேறு. அது உடல், தோள், தொடை போன்ற பெரிய தசைகளைக் கூட்டமாக இயக்கும். இரண்டு பக்கத்துக்கும் கிளை விடும் என்பதால் ஒரு பக்க மூளை அடிபட்டாலும் ஓரளவு தப்பி நிற்கும். 1968-இல் லாரன்ஸ், கைபர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் குரங்குகளில் பிரமிடு பாதையை மட்டும் இரண்டு பக்கமும் அறுத்துப் பார்த்தார்கள். சில வாரங்களில் குரங்குகள் ஓடின, கூண்டில் ஏறின. ஆனால் சிறு குழிக்குள் இருந்த தீனியை இரு விரலால் கிள்ளி எடுக்க முடியவில்லை, முழுக் கையாலும் வாரத்தான் முடிந்தது. அண்ணியின் கையும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கிறது. ‘பவர் 4’ என்பது 0 முதல் 5 வரையுள்ள அளவில், எதிர்த்துப் பிடித்தாலும் ஓரளவு தள்ளுகிறார் என்பதைத்தான் சொல்லும். விரலைத் தனித்தனியாக ஆட்டுகிறாரா என்பதை அந்த எண் தொடுவதே இல்லை.

பயிற்சியை வேலையிலிருந்தே எடுங்கள். பீடி சுற்றுவதில் வெட்டிய இலையை விரல்களில் ஏந்துவது, தூளை நீளவாக்கில் பரப்புவது, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து உருட்டுவது, வாயை மடித்து அடைப்பது, நூலைச் சுற்றிக் கட்டுவது என்று ஐந்து காரியம் இருக்கிறது. ஐந்தையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். ஏந்துவதில் தொடங்குங்கள், இலை அளவுக்கு வெட்டிய அட்டை போதும், அது தடித்திருப்பதால் நழுவாது. ஏந்தி 10 விநாடி நிற்க முடிந்த பிறகு சாதாரணத் தாள், பிறகு ஈரம் தெளித்த இலை. உருட்டும் பயிற்சிக்கு முதலில் பென்சில், அப்புறம் ஊதுபத்திக் குச்சி. பயிற்சி முழுவதும் முன்கை ஒரு பலகையின்மேல் படுத்திருக்கட்டும். தோள் காதை நோக்கி ஏறினாலோ உடம்பு சாய்ந்தாலோ பெரிய தசைப் பாதை வேலையைத் தூக்கிக்கொள்கிறது என்று பொருள், விரலுக்கு அதில் பயிற்சி இல்லை. அப்போது நிறுத்தி, பொருளைப் பெரிதாக்கி, மறுபடி தொடங்குங்கள். 20 நிமிடம் வீதம் நாளுக்கு மூன்று நான்கு முறை என்பது ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரம் உட்காருவதைவிட மேல், களைத்த கை தவறான அசைவைத்தான் பழகும்.

பந்து அமுக்கும் பயிற்சியை எல்லோரும் சொல்வார்கள். பக்கவாதக் கை பெரும்பாலும் மூடிக்கொள்ளத்தான் பார்க்கும். அண்ணியின் கை அப்படி இருந்தால், மூடப் பழக்குவதற்குப் பதில் விரிக்கப் பழக்குங்கள். ஒரு ரப்பர் பேண்டை ஐந்து விரல் நுனிகளையும் சுற்றி மாட்டி விரித்துப் பழகலாம், பிடித்த டம்ளரை மேசையில் வைத்து விரல்களைப் பிரித்து விடுவிக்கலாம். கையைப் பிடித்து இழுத்து எழுப்புவது மட்டும் வேண்டாம், தோள் மூட்டு இறங்கிவிடும்.

எவ்வளவு திரும்பும் என்று கேட்டால், வேகமாகத் திரும்புவது முதல் மூன்று மாதம். அதற்குப் பிறகும் முன்னேற்றம் நிற்பதில்லை, மெதுவாகிறது. ஆறாம் மாதத்தில் இலையைக் கிள்ளிப் பிடிக்கவாவது முடிந்தால் தொடர்ந்து பாடுபடுவதில் பலன் உண்டு. பெருவிரல் கொஞ்சமும் தனியாக அசையவில்லை என்றால் வலது கையை இலை பிடிக்கும் கையாக வைத்துக்கொண்டு, உருட்டுவதை இடது கைக்கு மாற்றிப் பழக்குவது நல்லது. பழைய வேகம் வருமென்று நாங்கள் வாக்குக் கொடுக்க மாட்டோம்.

கேள்வி: தொழுநோயால் மடங்கிய விரல்களை நம் ஊரில் ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார்களே, பக்கவாதக் கைக்கும் அதையே செய்தால் என்ன?
– வாசகர், காட்பாடி

பதில்: நியாயமான கேள்வி. 1948-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர் பால் பிராண்டு தொடங்கிய அந்தச் சிகிச்சை பிறகு உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் இரண்டிலும் பழுது ஒரே இடத்தில் இல்லை. தொழுநோயில் மூளையும் தண்டுவடமும் நலமாக இருக்கும், முழங்கை அருகே ஓடும் அல்நார் நரம்பு கெடும். கட்டளை அதுவரை சரியாக வந்து, அங்கே நின்றுவிடுகிறது. அதனால் நரம்பு நலமாக உள்ள வேறொரு தசையின் தசைநாணைப் பிரித்து விரலில் தைத்தால், மூளை அந்தத் தசையைப் புது வேலைக்குப் பழக்கிவிடும். பக்கவாதத்தில் தசையும் நரம்பும் நலம், மேலிருந்து வரும் கட்டளைதான் குழம்பியது. தசைநாணை எங்கே மாற்றித் தைத்தாலும் அதே குழம்பிய கட்டளைதான் வந்து சேரும். உள்ளங்கையில் நகம் குத்திப் புண்ணாகும் அளவுக்கு விரல்கள் இறுகிவிட்டால் தசைநாணை நீட்டும் அறுவை உண்டு. அது கையைக் கழுவித் துடைத்துச் சுத்தமாக வைக்க உதவும், வேலைத்திறனைத் தராது.

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். பிரமிடல், எக்ஸ்ட்ராபிரமிடல் பாதைகளைப் பரீட்சைக்கு முதல் நாள் மனப்பாடம் செய்து அடுத்த நாளே மறந்துவிடுகிறேன். எப்படிப் படிப்பது?
– மாணவி, வேலூர்

பதில்: முகுளத்துப் பிரமிடு வழியாக இறங்குவது பிரமிடல், மற்றவை எக்ஸ்ட்ராபிரமிடல் என்ற அந்தப் பிரிவினையை ஓரமாக வையுங்கள். தண்டுவடத்தின் குறுக்குவெட்டு ஒன்றை வரையுங்கள். நடுவில் உள்ள சாம்பல் நிறப் பகுதியின் முன்புற நீட்சிதான் முன்கொம்பு. அதன் வெளிப்பக்கம் கை கால்களின் தசைகளுக்கான செல்கள், உட்பக்கம் கழுத்து முதுகுத் தசைகளுக்கான செல்கள். இது பதிந்துவிட்டால் பாதைகள் தாமே இடத்தில் உட்காரும். பக்கவாட்டு வெள்ளைப் பகுதியில் இறங்கும் பக்க கார்ட்டிகோஸ்பைனல், ரூப்ரோஸ்பைனல் இரண்டும் வெளிச்செல்களுக்கு. முன்பக்க வெள்ளைப் பகுதியில் இறங்கும் முன் கார்ட்டிகோஸ்பைனல், வெஸ்டிபுலோஸ்பைனல், டெக்டோஸ்பைனல், மூளைத் தண்டின் நடுப்பகுதியான பான்ஸிலிருந்து வரும் ரெட்டிகுலோஸ்பைனல் எல்லாம் உட்செல்களுக்கு. நிற்கும்போது விழாமல் தாங்குவது, சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்புவது போன்றவை இவற்றின் வேலை.

விலக்கு ஒன்று உண்டு, அதுதான் வார்டில் உதவும். முகுளத்திலிருந்து வரும் ரெட்டிகுலோஸ்பைனல் பக்கவாட்டில் இறங்கித் தசை அனிச்சைகளை அடக்கும். அது தானாக இயங்காது, புறணியின் உந்துதல் வேண்டும். பக்கவாதத்தில் அந்த உந்துதல் போகிறது. பான்ஸ் பாதைக்கும் வெஸ்டிபுலர் பாதைக்கும் அந்த உந்துதல் தேவையில்லை என்பதால் அவை தடையின்றி வேலை செய்து, நீட்டும் தசைகளை இறுக்குகின்றன. நோயாளியின் கால் விறைத்து நீட்டிக்கொள்வது இதனால்தான். பிரமிடை மட்டும் தனியாக அறுத்தால் பலவீனமும் நுணுக்க இழப்பும்தான் முன்னே நிற்கும், இறுக்கம் அதிகம் இராது. ‘பிரமிடு பழுதானால் இறுக்கம்’ என்று எழுதுவது பாதி உண்மை.

மயக்கத்தில் உள்ளவரை வலியூட்டிப் பார்க்கும்போது கைகள் மடங்கினால் பழுது நடுமூளையின் சிவப்புக் கருவுக்கு மேலே. மயக்கத்தின் ஆழத்தை அளக்கும் கிளாஸ்கோ அளவில் இயக்கத்துக்கு 3. கைகளும் நீண்டு விறைத்தால் பழுது அதற்குக் கீழே இறங்கிவிட்டது, 2. உங்கள் பணிநேரத்தில் 3 என்பது 2 ஆனால் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போகாதீர்கள், அந்த நிமிடமே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று: மூளையின் ஆழத்தில் உள்ள அடிக்கரு முடிச்சுகளிலிருந்து (பேசல் கேங்க்லியா) தண்டுவடத்துக்கு நேர்ப்பாதை கிடையாது. அவை தாலமஸ் வழியாகப் புறணிக்கே திரும்பிப் பேசுகின்றன. பார்கின்சன் நோயாளிக்கு நடுக்கமும் விறைப்பும் இருந்தும் பாபின்ஸ்கி குறி (உள்ளங்காலைச் சொறிந்தால் கட்டைவிரல் மேலே போவது) வராததை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: பட்டு நெய்கிறேன், வயது 58. பாவில் இழை அறுந்தால் முடிச்சுப் போட விரல் வருவதில்லை. சட்டைப் பொத்தானும் தகராறு. நடந்தால் கால் கட்டை மாதிரி இருக்கிறது. கழுத்தைக் குனிந்தால் முதுகில் கரண்ட் அடிக்கிறது. நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை தந்தார்கள், குறையவில்லை.
– வாசகர், ஆரணி

பதில்: மாத்திரையை மாற்றிப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். விரல் மந்தம், கால் விறைப்பு, குனிந்தால் மின்னதிர்வு மூன்றும் சேர்ந்தால் கழுத்துத் தண்டுவடம் நசுங்குகிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தேய்ந்த தட்டும் எலும்பு முளையும் அழுத்தும்போது, கைக்கான செல்களும் காலுக்கு இறங்கும் பாதையும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கின்றன. கழுத்தில் வலியே இல்லாமலும் இது வரும், பலர் தாமதிப்பது அதனால்தான்.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். கையை இறுக மூடி முழுதாக விரிக்க வேண்டும், 10 விநாடியில் எத்தனை முறை என்று வேறொருவர் எண்ணட்டும். 20-க்குக் குறைந்தால் சரியில்லை. அடுத்து, உள்ளங்கை கீழ்நோக்க விரல்களை நீட்டிச் சேர்த்து அரை நிமிடம் வைத்திருங்கள். சுண்டுவிரல் தானாக விலகிச் சரிந்தால் அதுவும் அடையாளம். இரண்டும் சரியாக இருந்தாலும் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். கழுத்து எம்.ஆர்.ஐ.யும் ரத்தத்தில் பி12 அளவும் கேளுங்கள். பி12 குறைந்தாலும் தண்டுவடத்தின் பின்பக்க உணர்வுப் பாதையான பின் நெடுவரிசையும் கார்ட்டிகோஸ்பைனல் பாதையும் சேர்ந்து கெடும். அதற்கு ஊசி உண்டு, சீக்கிரம் தொடங்கினால் திரும்பும். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை மறைந்து நரம்பு தொடர்ந்து கெடும்.

சுளுக்கு எடுப்பவரிடம் கழுத்தைக் கொடுக்கவே கூடாது. நசுங்கிய தண்டுவடத்தின்மேல் ஒரு திருகல் விழுந்தால் அன்றே நாலு கை காலும் போகலாம். அறுவை சிகிச்சையின் முதல் நோக்கம் மேலும் கெடாமல் நிறுத்துவது. இழந்தது எவ்வளவு திரும்பும் என்பது எவ்வளவு நாள் நசுங்கிக் கிடந்தது என்பதைப் பொறுத்தது.

கேள்வி: தம்பி புளியமரத்திலிருந்து விழுந்து இரண்டு மாதம் ஆகிறது. மார்புக் காம்புக்குக் கீழே உணர்வில்லை. துவண்டு கிடந்த கால்கள் இப்போது தாமாக உதறுகின்றன. உயிர் வருகிறது என்று அம்மா சொல்கிறார். உண்மையா?
– வாசகர், ஜவ்வாது மலை

பதில்: அம்மாவிடம் பொறுமையாகச் சொல்ல வேண்டிய செய்தி இது. அடிபட்டதும் தண்டுவடம் அதிர்ச்சியில் அடங்கிவிடும், கால் துவளும். சில நாளிலிருந்து சில வாரத்தில் அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள பகுதி தானாக விழித்துக்கொள்ளும். மேலிருந்து வரும் அடக்குமுறை இல்லாததால் போர்வை பட்டாலும் கால் உதறும். அது மூளையின் கட்டளை அல்ல. தம்பி கண்ணை மூடிக்கொள்ளட்டும், ‘இப்போது கால் கட்டைவிரலை மடக்கு’ என்று நீங்கள் சொன்ன நேரத்தில் மட்டும் அது மடங்குகிறதா என்று பல தடவை பாருங்கள். மருத்துவரிடம் ஆசனவாய்ப் பகுதியில் தொடு உணர்வு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கொஞ்சம் உணர்வு மிஞ்சியிருந்தால் சில இழைகள் தப்பியிருக்கின்றன, நம்பிக்கைக்கு இடமுண்டு. முதுகின் கீழே, கடைசி மார்பு முள்ளெலும்பும் முதல் இடுப்பு முள்ளெலும்பும் சேரும் இடத்தில் அடிபட்டவர்களுக்குப் பெரும்பாலும் இப்படி உதறாது. அங்கே கால்களுக்கான செல்களும் நரம்பு வேர்களுமே நசுங்கிவிடுவதால் கால் துவண்டே இருக்கும்.

உதறல் திடீரென்று கூடினால் காரணத்தைத் தேடுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண், மடங்கிய கால்நகம் எதுவும் காரணமாகலாம். தசை இறுக்கத்தைக் குறைக்கும் பாக்லோஃபென் மாத்திரை தந்திருந்தால் பெரும்பாலும் 5 மி.கி. மூன்று வேளையில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். தீர்ந்துவிட்டது என்று திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள், வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்க எலும்பு மூன்றையும் தினமும் கண்ணால் பாருங்கள். குழாய் விட்டுச் சிறுநீர் எடுப்பதாக இருந்தால் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு தடவையில் 500 மில்லிக்கு மேல் சேரவிடாதீர்கள்.

தம்பிக்கு அடிபட்ட மட்டம் ஆறாவது மார்பு முள்ளெலும்புக்கு மேலே என்பதால் ஓர் ஆபத்து கூடுதல். திடீரென மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்த்தால் ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று பொருள். உடனே உட்கார வையுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குழாய் இல்லாவிட்டால் உடனே சிறுநீரை வெளியேற்றுங்கள். குறையாவிட்டால் ஆஸ்பத்திரி.

அடுத்த முறை மரத்திலிருந்து யார் விழுந்தாலும் கை காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். மூன்று நான்கு பேர் தலை, தோள், இடுப்பு, காலைப் பிடித்து ஒரே நேரத்தில் ஒரே கட்டையாகப் புரட்டிக் கதவுப் பலகையில் ஏற்றுங்கள்.

வேலூர் பாகாயத்தில் 1966-இல் தொடங்கிய மறுவாழ்வு மையத்தை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954 கார் விபத்தில் இரண்டு கால்களும் செயலிழந்தவர். அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். தம்பிக்கு இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: வாய் ஒரு பக்கம் கோணினால் பக்கவாதம்தானா?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: புருவத்தை உயர்த்தச் சொல்லிப் பாருங்கள். முகத்தின் மேல்பகுதிக்கு இரண்டு அரைக்கோளங்களிலிருந்தும் இழை வருவதால், மூளைப் பழுதில் நெற்றி சுருங்கும், வாய் மட்டும் கோணும். முகநரம்பே கெட்டிருந்தால் நெற்றி சுருங்காது, கண்ணும் மூடாது. அதற்கு ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், கண் உலராமல் சொட்டு மருந்தும் வேண்டும். நெற்றியைப் பார்த்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். இரண்டுக்கும் போக வேண்டிய இடம் அவசரப் பிரிவுதான்.

கேள்வி: பேத்திக்கு எட்டு மாதம். உள்ளங்காலைச் சொறிந்தால் கட்டைவிரல் மேலே போகிறது. இணையத்தில் படித்துவிட்டு மருமகள் அழுகிறாள்.
– வாசகி, போளூர்

பதில்: அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். 1896-இல் பாபின்ஸ்கி விவரித்த அந்தக் குறி பெரியவர்களுக்குத்தான் நோயின் அடையாளம். குழந்தைக்குப் பிரமிடு பாதையின் இழைகளைச் சுற்றி மயலின் உறை இன்னும் முழுதாகப் படியவில்லை. ஒரு வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் விரல் கீழ்நோக்கி மடங்கத் தொடங்கும். கவனிக்க வேண்டியது வேறு. பேத்தி ஒரே கையால் மட்டும் பொம்மையை எடுக்கிறாளா, மறு கையை எப்போதும் மூடியே வைத்திருக்கிறாளா? ஒரு வயதுக்குள் குழந்தைக்கு இடக்கை, வலக்கைப் பழக்கம் வராது. அப்படி வந்தால் பயன்படுத்தாத கைக்கு வரும் பாதையில் பழுது இருக்கலாம், அந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.